ஹூக்ளி ஆற்றுக்குள் முதல் பயணம்: கப்பலில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

சென்னையிலோ தூத்துக்குடியிலோ பைலட் (துறைமுக வழியறிந்து கப்பலை வழிநடத்துபவர்) ஏறிய சிறிது நேரத்தில் கப்பல் துறையில் கட்டப்பட்டுவிடும். ஹூக்ளியில் அப்படி நடக்காது. வங்கக் கடலில் சாண்ட்ஹெட்ஸ் எனப்படும் இடத்திலிருந்து ஹல்டியாவுக்குச் சுமார் 125 கி.மீ., கொல்கத்தாத் துறைகளுக்கு 232 கி.மீ. அந்த 232-இல் 148 கி.மீ. ஆற்றுக்குள்ளேயே ஓட வேண்டும். வழியெல்லாம் மணல் திட்டுகள், வளைவுகள், மீன்பிடிப் படகுகள், கலங்கிய தண்ணீர்.

தமிழ்நாட்டுக் கப்பலாளிகளுக்கு இந்த ஆறு புதிதல்ல. எண்ணூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி வந்த வழிகளில் ஹல்டியாவும் ஒன்று. பூம்புகார் கப்பல் கழகத்தின் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் கப்பல்கள் இந்தக் கிழக்குக் கரை நிலக்கரிப் போக்குவரத்துக்காகவே ஓடியவை. கேடட்டாகவோ (பயிற்சி அதிகாரி) ஓ.எஸ். (ஆர்டினரி சீமன், தொடக்கநிலை மாலுமி) ஆகவோ முதல்முறை ஹூக்ளிக்குள் நுழையப் போகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும், கையால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இந்த ஆற்றில் கப்பலின் நேரத்தைத் தீர்மானிப்பது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம். நம் வேலை அந்த நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

முதலில் தண்ணீரைப் படியுங்கள்

ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 6 மணிக்கு உச்சத்தில் இருந்த நீர், நாளை காலை 6.50 வாக்கில்தான் அந்த நிலைக்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிது, வற்றமும் பெரிது. அஷ்டமியை ஒட்டி இரண்டும் சிறிது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்ட வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டும். ஆழமான கப்பல்கள் உள்ளே வருவது இந்த நான்கு மீட்டரை நம்பித்தான்.

ஆற்றில் மேலே போகப்போக நீர் ஏறும் நேரம் குறைந்துகொண்டே வரும், வற்றும் நேரம் நீண்டுகொண்டே போகும். கொல்கத்தா அருகே ஏற்றம் சீக்கிரம் வந்து சீக்கிரம் முடிந்துவிடும். கடலில் உள்ள ஆறு மணி நேரக் கணக்கை அங்கே போட்டால் தப்பாகும். ஒவ்வோர் இடத்துக்கும் உரிய ஓத அட்டவணையைத் தனித்தனியாகப் பாருங்கள்: சாகர், ஹல்டியா, டயமண்ட் ஹார்பர், கார்டன் ரீச்.

உள்ளே வரும் கப்பலுக்கு ஒரு வசதி உண்டு. ஓதத்தின் உச்சம் கடலிலிருந்து மேல்நோக்கி நகர்வதால், கப்பலும் அதனோடு சேர்ந்து ஏறலாம். ஒரு திட்டைக் கடந்து அடுத்த திட்டுக்குப் போகும்போது அங்கேயும் நீர் உயர்ந்துகொண்டிருக்கும். வெளியே போகும் கப்பலுக்கு நிலைமை தலைகீழ். ஓதம் எதிரே வந்து கடந்து போய்விடும், கப்பல் கீழே இறங்க இறங்க நீர் வற்றும். சரக்கேற்றி வெளியேறும் பயணத்தில் கேப்டனும் பைலட்டும் நிமிடக் கணக்கில் பேசிக்கொள்வது இதனால்தான்.

ஆக்லாந்து, ஜெல்லிங்ஹாம் போன்ற பெயர்களை விளக்கப்படத்தில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் ஹல்டியாவுக்குக் கீழே வழியை மறிக்கும் மணல் திட்டுகள். துறைமுகம் இவற்றை அடிக்கடி அளந்து, எந்த நாளில் எவ்வளவு டிராஃப்ட் (கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம்) வரை கப்பல் வரலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. கங்கை நீரை பாகீரதி வழியாக ஹூக்ளிக்குத் திருப்பி வண்டலைக் கழுவுவதற்காக 1975-இல் ஃபரக்கா அணையும் 38 கி.மீ. கால்வாயும் செயல்பாட்டுக்கு வந்தன. அதன் பிறகும் தூர்வாரல் நிற்கவில்லை. திட்டுகள் நகர்வதால் பழைய அளவுகளை நம்பி இங்கே யாரும் கப்பல் ஓட்டுவதில்லை. பெரிய கப்பல்கள் விசாகப்பட்டினத்திலோ பாரதீப்பிலோ பாதிச் சரக்கை இறக்கிவிட்டு, எடை குறைந்த பிறகு ஹல்டியாவுக்கு வருவதும் இதே காரணத்தால்தான்.

அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தண்ணீர்

இந்தக் கணக்கைச் செகண்ட் மேட் (பயணத் திட்டம் போடும் அதிகாரி) போடுவார். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு திட்டின் மேல் வரைபட ஆழம் (நீர் நன்றாக வற்றிய நிலையில் விளக்கப்படம் காட்டும் ஆழம்) 4.6 மீட்டர், அந்நேர ஓத உயரம் 4.6 மீட்டர் என்றால் மொத்தம் 9.2 மீட்டர். கப்பலின் டிராஃப்ட் 7.8 மீட்டர். மிச்சம் 1.4 மீட்டர் இருக்கிறதே என்று தோன்றும்.

ஓடும் கப்பல் நிற்கும் கப்பலைவிட ஆழமாக அமிழும். அதற்கு ஸ்குவாட் என்று பெயர். குறுகிய வழியில் அதைத் தோராயமாகக் கணிக்க, கப்பலின் பிளாக் குணகத்தை (அடிப்பகுதி எவ்வளவு பெட்டி வடிவில் நிறைந்திருக்கிறது என்ற விகிதம்) நாட்டில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று, அளந்த வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 50-ஆல் வகுக்க வேண்டும். குணகம் 0.8, தண்ணீரில் வேகம் 7 நாட் என்றால் 0.78 மீட்டர், மிச்சம் 0.62 மீட்டர். அதே இடத்தில் 10 நாட்டில் போனால் ஸ்குவாட் 1.6 மீட்டர், மொத்தம் 9.4. தண்ணீர் இருப்பதோ 9.2. கப்பல் தரையைத் தொட்டுவிடும். திட்டை நெருங்கும்போது பைலட் வேகத்தைக் குறைக்கச் சொல்வது எதற்கு என்று இந்த இரண்டு வரிக் கணக்கே காட்டிவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் சேரும். கடல்நீரிலிருந்து நன்னீருக்கு வரும்போது கப்பல் கொஞ்சம் அமிழும். டன்னில் உள்ள இடப்பெயர்ச்சியை (கப்பலின் மொத்த எடை), டி.பி.சி. எண்ணை (கப்பல் ஒரு செ.மீ. அமிழத் தேவையான டன்) 40-ஆல் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் அந்த அளவு சென்டிமீட்டரில் கிடைக்கும். இடப்பெயர்ச்சி 36,000 டன், டி.பி.சி. 50 என்றால் 18 செ.மீ. ஹல்டியாவில் நீர் முழு நன்னீராக இருக்காது, பருவத்துக்குப் பருவம் உவர்ப்பு மாறும். எனவே வாளியில் நீர் மொண்டு ஹைட்ரோமீட்டரால் அடர்த்தியை அளந்துதான் கணக்குப் போட வேண்டும். அடுத்தது சாய்வு. 32 மீட்டர் அகலக் கப்பல் வளைவில் திரும்பும்போது ஒரு டிகிரி சாய்ந்தால்கூட ஒரு பக்கத்து அடிமூலை 28 செ.மீ. கீழே போகும்.

டிராஃப்ட் பார்ப்பது பெரும்பாலும் கேடட்டுக்கு வரும் வேலை. எண்கள் 10 செ.மீ. உயரம், ஓர் எண்ணின் அடிக்கும் அடுத்த எண்ணின் அடிக்கும் இடையே 20 செ.மீ. எண்ணின் அடிவிளிம்பில் நீர் நின்றால் அதுதான் அந்த அளவு. '8M' என்பதன் அடியைத் தொட்டால் 8.00, பாதி மூழ்கினால் 8.05, தலை மூழ்கினால் 8.10. முன், நடு, பின் என மூன்று இடங்களிலும் இரண்டு பக்கமும், ஆக ஆறு அளவுகள். அலை அடித்தால் சில மேடுபள்ளங்களைப் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மறுபக்கத்துக்கும் அதையே எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சாய்ந்திருக்கும் கப்பலில் அந்தப் பிழை பத்து, இருபது சென்டிமீட்டருக்குப் போகும். இந்த ஆற்றில் அது சிறிய தொகையில்லை.

பைலட் ஏணி

தளத்தில் வேலை செய்பவருக்கு, படகிலிருந்து பைலட் ஏறி வரும் கயிற்று ஏணியைக் கட்டுவதைவிட முக்கியமான வேலை இந்தப் பயணத்தில் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆற்று முகத்துக்கு வெளியே அலை பெரிது. படகு ஏறி இறங்கும். ஏணியில் கால் வைக்கும் மனிதரின் உயிர் நீங்கள் போட்ட முடிச்சில் இருக்கிறது.

நீர்மட்டத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் 9 மீட்டருக்குள் என்றால் பைலட் ஏணி மட்டும் போதும். அதற்கு மேல் என்றால் கேங்வே ஏணியையும் (கப்பலின் பக்கத்தில் சாய்வாக இறங்கும் படிக்கட்டு) சேர்த்துக் கட்ட வேண்டும். அப்போது கேங்வே பின்பக்கம் நோக்கி இறங்க வேண்டும், சாய்வு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதன் கீழ்த்தட்டு நீரிலிருந்து குறைந்தது 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், பைலட் ஏணி அந்தத் தட்டுக்கு மேல் குறைந்தது 2 மீட்டர் நீள வேண்டும். ஏணியையும் கேங்வேயையும் கப்பலின் பக்கத்தோடு இறுகப் பிடித்துக் கட்டுங்கள், ஆடக் கூடாது.

பைலட் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏணியைத் தளத்தில் விரித்துப் படி படியாகப் பாருங்கள். படிகளுக்கு இடையே 31 முதல் 35 செ.மீ. கீழிருந்து ஐந்தாவது படி நீளமான ஸ்பிரெடராக இருக்க வேண்டும். குறைந்தது 180 செ.மீ. நீளம். அது இருப்பதால்தான் ஏணி முறுக்கிக்கொள்ளாது. படியில் விரிசல், எண்ணெய், பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. பெயின்ட் வழுக்கும், அதோடு மரத்தின் விரிசலையும் மறைத்துவிடும். பக்கக் கயிற்றில் ஒட்டுப்போட்ட இடமோ, வெயிலில் நைந்த இழையோ தெரிந்தால் அந்த ஏணியை ஒதுக்கிவைத்துச் சீஃப் ஆபீசரிடம் சொல்லுங்கள்.

உயரத்துக்கேற்ப ஏணியைப் பாதியில் நிறுத்தும்போதுதான் பெரும் தவறு நடக்கிறது. பக்கக் கயிறுகளைச் சேர்த்து ஒரு ஷேக்கிளில் (இரும்புக் கொளுவி) பிடித்து, அந்த ஷேக்கிள் படியில் முட்டி நிற்கும்படி விட்டுவிடுவார்கள். மொத்தப் பாரமும் ஒரு படியின் மேல் விழும். படியைப் பிடித்திருக்கும் கட்டுகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஒருநாள் அறுந்துவிடும். சரியான முறை: இரண்டு பக்கக் கயிறுகளிலும் தனித்தனியாக வலுவான கயிற்றால் ரோலிங் ஹிட்ச் என்ற முடிச்சைப் போட்டு, தளத்தில் உள்ள உறுதியான வளையங்களில் கட்ட வேண்டும். பாரம் பக்கக் கயிற்றில்தான் நிற்க வேண்டும்.

பக்கத்தில் வைக்க வேண்டியவை: தானே எரியும் விளக்கோடு லைஃப்பாய் (உயிர்காப்பு மிதவை), ஹீவிங் லைன் (எறிகயிறு), பைலட் கேட்டால் கொடுக்க 28 முதல் 32 மி.மீ. தடிமனில் முடிச்சில்லாத இரண்டு கைப்பிடிக் கயிறுகள். ஏணியை மேலே இழுக்கும் கயிறு கட்டினால் கடைசி ஸ்பிரெடருக்குக் கீழே கட்டாதீர்கள். முன்பக்கம் நோக்கி ஓட விடுங்கள். கீழே தொங்கவிட்டால் படகு அதில் சிக்கி ஏணியையே பிடுங்கிவிடும். இரவானால் ஏணியும் ஏறும் இடமும் தெரிய விளக்குப் போடுங்கள். படகோட்டியின் கண்ணில் அடிக்கக் கூடாது. வாக்கி-டாக்கியோடு ஓர் அதிகாரி ஏணியருகே நிற்காமல் யாரும் ஏறக் கூடாது. நீரிலிருந்து ஏணி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் என்பதைப் பைலட் படகுதான் சொல்லும். நாமாக முடிவு செய்வதில்லை.

பைலட் பிரிட்ஜுக்கு (கப்பலை ஓட்டும் மேடை) வந்ததும், அவர் கப்பலில் இருப்பதைக் காட்டும் எச் கொடியை ஏற்றுங்கள். இரவில் நம் கப்பலில் தனியாக எந்த விளக்கும் இல்லை, வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்பது பைலட் படகின் அடையாளம். பைலட்டிடம் கொடுக்கும் கப்பல் விவரத்தாளான பைலட் கார்டில் டிராஃப்ட் முன், பின் இரண்டும் அன்றைய அளவாக நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.

சுக்கானில் நிற்பவருக்கு

ஆற்றில் ஆட்டோ பைலட் இல்லை. கையால்தான். இரண்டு ஸ்டியரிங் மோட்டார்களும் ஓட வேண்டும். ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள் சுக்கான் போகிறதா என்று நுழைவதற்கு முன்பே சோதித்திருப்பார்கள்.

பைலட் "ஸ்டார்போர்ட் டென்" (சுக்கான் வலப்பக்கம் பத்து டிகிரி) என்றால் நீங்களும் அதையே உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்புங்கள். சுட்டி பத்தில் நின்றதும் "வீல் இஸ் ஸ்டார்போர்ட் டென்" என்று மறுபடி சொல்லுங்கள். சக்கரத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள், சுக்கான் கோணக் காட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். "ஸ்டெடி" என்றால் அந்த நொடியில் திசைகாட்டியில் இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கப்பலை அதில் நிறுத்த வேண்டும். கட்டளை சரியாகக் கேட்கவில்லை என்றால் கேளுங்கள். எந்தப் பைலட்டும் அதற்குக் கோபப்பட மாட்டார்; தப்பான பக்கம் திருப்பினால்தான் ஆபத்து.

ஆழம் குறைந்த இடத்தில் கப்பல் மந்தமாகத் திரும்பும். திரும்ப ஆரம்பித்தால் நிறுத்துவதும் கடினம். கரைக்கு மிக அருகே போனால் பின்பகுதி கரைப்பக்கம் இழுக்கப்படும், முன்பகுதி கரையிலிருந்து விலகும். எப்போதும் போதுமான ஐந்து டிகிரி சுக்கான் திடீரென்று போதாமல் போகிறது என்றால் உடனே சொல்லுங்கள். "பைலட், கேரியிங் ஸ்டார்போர்ட் ஃபிஃப்டீன்" (நேராகப் போகவே வலப்பக்கம் பதினைந்து டிகிரி பிடிக்க வேண்டியிருக்கிறது) என்ற ஒரு வரி பைலட்டுக்குப் பெரிய தகவல். ஒருவர் தொடர்ந்து நீண்ட நேரம் நிற்காமல் மாறிக்கொள்ளுங்கள். மாறும்போது திசையையும் அப்போது பிடித்திருக்கும் சுக்கானையும் சொல்லி ஒப்படையுங்கள். வளைவின் நடுவில் மட்டும் மாறாதீர்கள்.

கண்காணிப்பு

கடலிலிருந்து உள்ளே வரும்போது இடப்பக்கம் சிவப்பு மிதவை, வலப்பக்கம் பச்சை. வெளியே போகும்போது மாறிவிடும். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு குறிகள் ஒரே கோட்டில் தெரிந்தால் கப்பல் வழியின் நடுவில் இருக்கிறது. முன்குறி எந்தப் பக்கம் விலகித் தெரிகிறதோ அந்தப் பக்கம் கப்பலைக் கொண்டுபோனால் மறுபடி கோட்டுக்கு வரும்.

சுற்றியுள்ள கப்பல்கள் தாமே அனுப்பும் அடையாளத்தையும் இடத்தையும் காட்டும் ஏ.ஐ.எஸ். திரையை மட்டும் நம்பாதீர்கள். நாட்டுப் படகுகளில் அது இருக்காது. இரவில் ஒரு சிம்னி விளக்கோ கைவிளக்கோ மட்டும் தெரியும், அதுவும் கப்பல் நெருங்கிய பிறகுதான். மழைக்காலம் ஹில்சா பருவம்; வலைகள் வழியின் குறுக்கே கிடக்கும். கொல்கத்தா பக்கமிருந்து வங்கதேசத்துக்குப் போகும் சாம்பல் பார்ஜ்கள், இரு கரைகளுக்கும் இடையே ஓடும் பயணிகள் படகுகள், பொங்கலை ஒட்டிக் கங்கா சாகர் விழாவுக்கு வரும் படகுகள் எல்லாம் இதே நீரில்தான். கண்ணில் பட்டதைத் திசை, தூரத்தோடு சொல்லுங்கள்: "படகு, வலப்பக்கம் இரண்டு பாயிண்ட், அரை மைல்" (ஒரு பாயிண்ட் என்பது பதினொன்றேகால் டிகிரி). மறைவான வளைவை நெருங்கும்போது நான்கு முதல் ஆறு விநாடி நீளமான ஒரு ஊதல். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று காது கொடுங்கள்.

நங்கூரம்

சாண்ட்ஹெட்ஸிலிருந்து துறை வரை இரண்டு நங்கூரங்களும் உடனே போடும் நிலையில் இருக்க வேண்டும். கடலில் போட்ட கூடுதல் கட்டுகளை அவிழ்த்து, ஸ்பர்லிங் பைப்பின் (சங்கிலி கீழறைக்கு இறங்கும் குழாய்) சிமென்ட்டைத் தட்டி எடுத்து, சங்கிலியைப் பிரேக்கில் நிறுத்துங்கள். திட்டுகளைக் கடக்கும்போது முன்தளத்தில் போசனோடு (தள மாலுமிகளின் தலைவர்) ஓர் ஆள் நிற்பார். இஞ்சின் நின்றாலோ சுக்கான் சிக்கினாலோ கரையேறாமல் காப்பது அந்த நங்கூரம்தான். நங்கூரச் சங்கிலியின் நீளத்தையும் ஷேக்கிள் கணக்கில்தான் சொல்வார்கள், ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர்; கட்டளைப்படி எத்தனை ஷேக்கிள் நீரில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், சங்கிலி எந்தத் திசையில் இழுக்கிறது என்பதையும் கையை நீட்டிக் காட்டுங்கள்.

நங்கூரமிட்டுக் காத்திருந்தால் ஓதம் திரும்பும் நேரத்தில் கப்பல் முழுவதும் சுழலும். அந்த அரை மணி நேரம் தூங்கும் நேரமில்லை. பக்கத்துக் கப்பல் எந்தப் பக்கம் சுழல்கிறது, நங்கூரம் இழுபடுகிறதா என்று கரைக்குறிகளின் திசையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுங்கள்.

வற்றும் நீரில் தரை தட்டினால் நிலைமை மோசம். நீர் குறையக் குறையக் கப்பல் உட்கார்ந்துவிடும். ஏறும் நீரில் தட்டினால் மிதக்க வாய்ப்புண்டு, ஆனால் குறுக்கே மாட்டிய கப்பலை ஏற்றம் பக்கவாட்டில் தள்ளும். ஹூக்ளி பாயிண்டுக்கு மேலே ஜேம்ஸ் அண்ட் மேரி திட்டு என்ற பெயர், 1694-இல் அங்கே மூழ்கிய ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி என்ற கப்பலால் வந்தது.

பானும் புயல்காற்றும் பனியும்

பெரிய ஓத நாட்களில் ஏற்றம் ஒரு சுவர்போல் நுரையோடு மேலேறி வரும். வங்காளத்தில் அதைப் பான் என்கிறார்கள். ஆழமில்லாத ஓரங்களில்தான் அதன் சீற்றம் அதிகம். நாட்டுப் படகுகள் நடு ஆற்றுக்கு விரைவதைப் பார்த்தாலே அது வருகிறது என்று அறியலாம். ஆற்றில் கட்டியிருக்கும் கப்பல்களில் அந்த நேரத்துக்கு முன்பே கூடுதல் கயிறுகள் போட்டு, கேங்வேயைத் தூக்கி, பக்கத்தில் கட்டிய படகுகளை விலக்கிவிட வேண்டும். பூட்டுக்கதவுக்குள் (ஆற்றின் நீர்மட்டம் உள்ளே பாதிக்காதபடி அடைக்கும் இரட்டைக் கதவு அமைப்பு) இருக்கும் துறைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மார்ச் முதல் மே வரை மாலை நேரங்களில் வடமேற்கிலிருந்து காலபைசாகி என்ற காற்று திடீரென்று வீசும். சரக்கில்லாமல் உயர்ந்து நிற்கும் கப்பலை அது எளிதில் தள்ளிவிடும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் பனிமூட்டம். போக்குவரத்து நின்றுபோனால் ஓதம் தவறும். ஓர் ஓதம் தவறினால் மறுநாள் கிடைக்கும் நீர் குறைவாக இருக்கலாம். பௌர்ணமிக்குப் பிறகு நீர் இறங்கும் நாட்களில் இப்படித் தவறினால், கனமான கப்பல் அடுத்த அமாவாசை வரைகூடக் காத்திருக்க நேரும்.

இஞ்சின் அறைக்குச் சில வார்த்தைகள்

ஆற்று நீர் சேறு. நுழையும் முன் மேல் கடல் உறிஞ்சு வால்வுக்கு மாற்றுங்கள். கீழ் வால்வு அடிமண்ணை இழுக்கும். ஃபில்டர்களை அடிக்கடி திறந்து கழுவ வேண்டும், மாற்று ஃபில்டர் எப்போதும் சுத்தமாகத் தயாராக இருக்க வேண்டும். குளிர்நீர் வெப்பநிலை மெல்ல ஏறினால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். நன்னீர் தயாரிக்கும் இயந்திரத்தைக் கரை நெருங்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். ஆற்றில் பேலஸ்ட் (கப்பலின் நிலைப்புக்காகத் தொட்டியில் ஏற்றும் நீர்) எடுத்தால் தொட்டியில் வண்டல் தங்கும். பின்னால் அதை மண்வெட்டியால் அள்ளப் போவதும் நீங்கள்தான்.

பூட்டுக்கதவும் கட்டும் வேலையும்

ஹல்டியாத் துறை 1977-இல் தொடங்கியது. அங்கே உள்துறைக்குள் போகவும், கொல்கத்தாவில் கிதிர்பூர், நேதாஜி சுபாஷ் துறைகளுக்குள் போகவும் பூட்டுக்கதவைக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவர், இடைவெளி குறைவு. ஹீவிங் லைன்கள் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் தயாராக இருக்கட்டும். கையில் பிடிக்கும் ஃபெண்டர் வைத்திருப்பவர் கையையோ காலையோ சுவருக்கும் கப்பலுக்கும் நடுவே வைக்கவே கூடாது. கதவுக்குள் நீர்மட்டம் மாறும்போது கயிறு தளரும் அல்லது இறுகும். கயிற்றில் ஆள் நின்று விட்டும் இழுத்தும் கொடுக்க வேண்டும். இறுகிய கயிறு அறுந்தால் எந்த வழியில் பாயும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். டக் படகின் (இழுவைப் படகு) கயிற்றை அவிழ்க்கும்போது நீரில் விட்டெறியாமல் தூதுக் கயிற்றால் (மெல்லிய துணைக் கயிறு) மெல்ல இறக்குங்கள். விட்டெறிந்தால் கப்பலின் ப்ரொப்பெல்லர் அதை இழுத்துக்கொள்ளும்.

வெளியே போகும்போது இதே வேலைகள் எல்லாம் மறுபடி, ஓதக் கணக்கு மட்டும் தலைகீழாக. பைலட் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏணியை விரித்துப் பாருங்கள். பைலட் ஏறியபோது சரியாக இருந்தது என்பது போதாது, துறையில் கிடந்த நாட்களில் அதன் மேல் நிலக்கரித் தூளும் கிரீஸும் படிந்திருக்கும். அவர் படகில் கால் வைத்து, படகு விலகியதைப் பார்த்து பிரிட்ஜுக்குச் சொன்ன பிறகே ஏணியைத் தூக்குங்கள். நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வெயிலும் ரசாயனமும் படாத இடத்தில் சுருட்டி வையுங்கள்.